வழக்கில் நின்ற வள்ளமும் ஒரு வாளியும்

செல்வி, கார்த்தி, உங்கள் இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது கடல் அட்டையை வைத்து நீங்கள் சண்டை போட்டுக்கொண்டீர்கள். அட்டையைத் தடைப் பட்டியலிலிருந்து எடுக்கவே கூடாது என்று போனில் வந்த மனுவுக்குச் செல்வி ஆதரவு கொடுத்திருந்தாள். எடுத்தே ஆக வேண்டும் என்று வந்த இன்னொரு மனுவுக்குக் கார்த்தி ஆதரவு கொடுத்திருந்தான். பானையை இறக்குவதற்குள் குரல் உயர்ந்துவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "அய்யா, நீங்கதான அந்த வேலையில இருந்தீக, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். சோறு ஆறுது, சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டேன். உங்கள் அம்மா சிரித்தாள். பதில் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. இலை போட்ட இடத்தில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை, அவ்வளவுதான். பத்தாவது படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் முதுகுளத்தூர் பக்கத்து மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன். வேலைக்கு வருவதற்கு முன்னால் கடலைப் பார்த்தது ஒரே தடவை, ராமேசுவரத்துக்கு அஸ்தி கரைக்கப் போனபோது. வனக்காவலர் வேலைக்கு ஆர்டர் வந்ததும், மரத்தைக் காக்கிற வேலை என்றுதான் நினைத்தேன். பயிற்சியையும் மலையில்தான் கொடுத்தார்கள். சாணத்தைத் தொட்டுப் பார்த்து, மிருகம் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லப் பழக்கினார்கள். தீ பரவாமல் எப்படிக் கோடு வெட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்தவனைக் கடற்கரையில் போட்டார்கள். கடலில் சாணமும் கிடையாது, காலடியும் கிடையாது. நீச்சலும் எனக்குத் தெரியாது. முதல் ரோந்தில் வாந்தி எடுத்துக்கொண்டே போனேன். படகை ஓட்டியவர், "காட்டு இலாகாக்காரரே, இங்கன மரம் ஒண்ணும் இல்ல, எதப் புடிச்சுக்கிருவீங்க?" என்றார்.

அட்டையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது போனில் பார்த்ததுதான். கடலுக்கு அடியில் வெள்ளரிக்காய் மாதிரி படுத்துக் கிடக்கும் பிராணி அது. மண்ணைத் தின்று, அதில் இருக்கும் அழுக்கை எடுத்துக்கொண்டு, மண்ணைச் சுத்தமாக வெளியே தள்ளும். நம் ஊரில் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. வெளிநாட்டில் சாப்பிடுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கரையெல்லாம் பெரிய பெரிய பாத்திரங்களில் அட்டை அவிந்துகொண்டிருந்தது. அந்த வாடை சட்டையில் ஒட்டினால் துவைத்தாலும் போகாது. மூழ்கி எடுக்கிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டியதாயிற்று. கிட்டத்தில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அதை நானே பார்த்தேன். ஆகவே தடை வந்தபோது அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. புலி இருக்கிற பட்டியலில் அட்டையையும் சேர்த்தார்கள். புலியைப் பிடித்தவனுக்கு என்ன சட்டமோ, அட்டையைப் பிடித்தவனுக்கும் அதே சட்டம். ஒரு வித்தியாசம் உண்டு. புலி யார் வலையிலும் தானாக வந்து விழாது.

கடலில் செத்ததற்கும் விதி உண்டு. ஒருமுறை திமிங்கிலம் ஒன்று கரையில் ஒதுங்கியது. அளக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்து மாதிரி எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் புதைக்கலாம். டாக்டர் வேறொரு ஊருக்குப் போயிருந்தார். வாடை ஊருக்குள் வந்ததும் ஜேசிபியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நாங்கள் குறுக்கே நின்று மறித்தோம். உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் வரலையே, செத்ததுக்கு இத்தன பேர் காவலா என்று கேட்டார்கள். ஒருவழியாகப் புதைத்தோம். புதைத்த இடம் கடலுக்கு ரொம்பப் பக்கம் என்று அப்புறம் ஒரு மனு வந்தது. எங்கே புதைத்திருக்க வேண்டும் என்று அந்த மனுவில் இல்லை. தோண்டி எடுத்துக் காட்டச் சொல்வார்களோ என்று கொஞ்ச காலம் பயத்தோடு இருந்தோம்.

இப்போது எங்கள் ரேஞ்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். திருடனைக்கூட நீங்கள் என்றுதான் பேசுவார். பிடித்த இடத்திலேயே பிடிபட்டதை விவரித்து மகஜர் எழுதுகிற வேலையை எங்களிடம் விட மாட்டார். மணலில் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு தானே எழுதுவார். ஒவ்வொரு வரியையும் எழுதியவுடன் சத்தமாக வாசிப்பார். எதிரில் நிற்கும் ஆளைப் பார்த்து, "சரியா எழுதியிருக்கேனா?" என்று கேட்பார். இல்லை சார் என்றால் அடித்துவிட்டுத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். மாட்டிக்கொண்டவர்களே கொஞ்ச நேரத்தில் அவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு. முடியாது என்று சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடியில் கை போனாலே வந்தவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

தடை வந்து பல வருஷம் கழித்து, பெரிய ஊரில் யாரோ ஒரு பொதுநல வழக்குப் போட்டார்கள். தடை இருக்கிறது, அதிகாரிகள் தூங்குகிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கோர்ட் கேட்டது. நியாயமான கேள்விதான். அது மேலிருந்து ஒவ்வொரு மேசையாக இறங்கி எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்வதற்குள், எத்தனை வழக்குப் போட்டீர்கள் என்று மாறிவிட்டது. எங்களிடம் காட்ட வழக்கு இல்லை. அட்டை வியாபாரம் செய்கிறவன் ஜீப் வருகிற பாதையில் உட்கார்ந்திருக்க மாட்டான். ஜீப் எங்கே போக முடியுமோ அங்கே போனோம்.

வாலிநோக்கத்துப் பக்கம் ஒரு சின்னக் கரை. ஊர்ப் பேர் வேண்டாம். அங்கே சூசை என்று ஒருவர், அவர் மனைவி ரோஸ்மேரி. அவர்களுக்கு இருந்தது ஒரு பலகை வள்ளமும் நண்டு வலையும்தான். நண்டு வலையில் ஒரு விஷயம் உண்டு, அதைக் கவனித்து வாசியுங்கள். சாயந்தரம் கடலில் வலையை விட்டுவிட்டு வருவார்கள். விடியலில் போய் இழுப்பார்கள். இழுத்த வலையிலிருந்து நண்டைக் கடலில் வைத்துக் கழற்றுவதில்லை. கால் ஒடிந்த நண்டுக்கு மதிப்பில்லை என்பதால் பொறுமையாகக் கழற்ற வேண்டும். ஆடுகிற வள்ளத்தில் அது ஆகாது. வலையை அப்படியே குவித்துக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். பந்தல் நிழலில் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். அந்தக் குவியலில் பாசி வரும், சங்கு வரும், கல் வரும். அட்டையும் வரும். வலைக்குள் என்ன இருக்கிறது என்று வள்ளத்தில் இருக்கிறவருக்கே தெரியாது.

அன்று காலையில் நாங்கள் போய் இறங்கியபோது ரோஸ்மேரி கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெயிண்ட் வாளி. கைப்பிடிக் கம்பி போய்விட்டதால் நைலான் கயிற்றைப் பின்னிக் கட்டியிருந்தார். வாளி நிறையக் கடல் தண்ணீர், அடியில் சில அட்டைகள்.

ரேஞ்சர் குனிந்து பார்த்து, இது என்னம்மா என்று கேட்டார்.

"அட்ட சார். வலையில வந்துச்சு. நீங்கதான மாதா கோயில் முன்னால கூட்டம் போட்டு, உசுரோட கடல்ல விடணும்னு சொன்னீங்க. இங்கன கரையில போட்டா அலை திருப்பித் தள்ளிரும், காக்கா கொத்திரும். சாயந்தரம் வள்ளம் போறப்ப ஆழத்துல விட்ருவாக."

ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"கடல்லயே விட்டிருக்கணும்மா. கரைக்கு வந்துட்டா அது உங்க கையில இருக்கறதா ஆயிடுது. வாளியில போட்டுட்டா சேர்த்து வச்சதா ஆயிடுது."

"கடல்ல யாரு சார் நண்டு கழட்டுறது?"

ரேஞ்சர் மணலில் உட்கார்ந்தார். பலகையை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தார். அந்தப் பெண் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி வாசித்தார். சரியா எழுதியிருக்கேனா என்று கேட்டார். ரோஸ்மேரி தலையை ஆட்டினார். அப்போதுதான் சூசை ஓடிவந்தார். வள்ளம் என்னுது, வலை என்னுது, எம் பேர எழுதுங்க சார் என்றார். வாளி என்னுதுதான, அப்ப எம் பேரயும் எழுதுங்க என்றார் ரோஸ்மேரி. கூட்டத்தில் ஒரு கிழவர், "புருசனும் பொண்டாட்டியும் ரேசன் கார்டுக்குப் பேர் குடுக்குறாக" என்றார். சிலர் சிரித்தார்கள். ரேஞ்சர் இரண்டு பேரையும் எழுதினார். குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனம் என்று வள்ளத்தையும், பாத்திரம் என்று வாளியையும் கைப்பற்றினோம். சூசையை ரிமாண்டுக்குக் கொண்டுபோனார்கள். ரோஸ்மேரிக்கு ஜாமீன் கிடைத்தது.

வாளியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற வேலை எனக்கு வந்தது. உயிருள்ள பிராணி, கோர்ட் உத்தரவு இல்லாமல் கடலில் விட முடியாது. ஜீப்பில் கால்களுக்கு நடுவில் வாளியை வைத்துக்கொண்டு ராமநாதபுரம் போனேன். ஒரு கேனில் மாற்றுத் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். நல்ல வெயில். மாஜிஸ்திரேட் அன்றைக்கு விடுப்பில் இருந்தார். பொறுப்பு பார்க்கிறவர் வேறு ஊரில் உட்கார்ந்திருந்தார். நிழலில் வைத்துத் தண்ணீரை மாற்றினேன். அட்டைக்குப் பயம் வந்தால் தன் குடலைத் தானே வெளியே கக்கிவிடும். முதலில் ஒன்று கக்கியது, பிறகு எல்லாம் கக்கின. பிறகு தோல் வழுவழுவென்று கரைய ஆரம்பித்தது. சோப்பு தண்ணீரில் கிடந்தால் எப்படிக் கரையுமோ அப்படி. கடலில் விடவும் என்று உத்தரவு வந்தபோது விடுவதற்கு வாளியில் எதுவும் இல்லை. விட உத்தரவானதை விடாமல் இருக்க முடியாது என்பதால், உத்தரவை மாற்றித் தரும்படி இன்னொரு மனு போட்டோம். மிஞ்சியிருந்த கொஞ்சத்தை மருந்து ஊற்றி ஜாடியில் அடைத்தார்கள். வாளியில் சீட்டு ஒட்டி, சான்றுப் பொருள் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ரோஸ்மேரிக்கு இது தெரிந்தபோது என்னிடம் கோபப்படவில்லை. "எங்கிட்ட இருந்திருந்தா அன்னைக்குச் சாயந்தரமே கடலுக்குப் போயிருக்கும்ணே" என்று மட்டும் சொன்னார்.

வள்ளம் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் மணலில் நின்றது. சூசை ஜாமீனில் வந்ததும் வள்ளத்தைக் கேட்டு மனு போட்டார். இந்தச் சட்டத்தில் எங்களால் கொடுக்க முடியாது, இலாகாவைக் கேளுங்கள் என்றது கோர்ட். கோர்ட்டில் இருக்கிற சொத்து, கோர்ட்டைக் கேளுங்கள் என்றது இலாகா. பிடித்த படகை விடுவதே தப்பு, எங்களையும் கேட்க வேண்டும் என்று, பொதுநல வழக்குப் போட்ட பெரிய ஊர்க்காரர்கள் ஒரு மனு போட்டார்கள். வாய்தா, அடுத்த வாய்தா என்று போய்க்கொண்டிருந்தது. சூசை அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார்.

மனு காத்திருக்கும். பலகை காத்திருக்காது. வள்ளம் கடலில் கிடக்கிற வரைதான் வள்ளம். வெயிலில் நின்றால் பலகை சுருங்கி, இணைப்பு விட்டு, ஒரு கோடையில் விறகாகிவிடும். ஒருநாள் புருசனும் மனைவியும் வந்து, நங்கூரம் போட்டுத் தண்ணீரில் நிறுத்தவாவது விடுங்கள் என்று கேட்டார்கள். ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றினார். காற்றில் அடித்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு, கைப்பற்றிய நிலையில் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது விதி என்று சொல்லிக்கொண்டே துடைத்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார்.

"முனியசாமி, நாம புடிச்சப்ப வள்ளம் காஞ்சிருந்ததா, நனைஞ்சிருந்ததா?"

"அப்பத்தான கரையேறியிருந்துச்சு சார். நனைஞ்சுதான் இருந்துச்சு."

"அப்ப காய விட்டா சான்றை மாத்துறது நாமதான்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கைப்பற்றிய நிலையைப் பராமரிக்க, வள்ளத்துக்குத் தினமும் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுதி என்னிடம் கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் சான்றுப் பொருளைத் தொடக் கூடாது. ஆகவே ஊற்றுவது நான். ரோஸ்மேரி வேலிக்கு வெளியே நின்று சொல்லுவார். "அண்ணே, நடுவுல ஊத்துனா நடுவுலயே கெடக்கும், இங்கன முன் பலகைக்குப் போவாது. சாக்க நனைச்சு மேல போடுங்க." மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சியவன், வள்ளத்துக்குப் பாய்ச்சினேன். கூடையோடு போகிற பெண்கள், "என்னண்ணே, பூ விட்ருச்சா, காய் புடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் அம்மாவுக்கு அப்போது இடுப்பு வலி. வீட்டில் ஒரு குடம் தூக்க ஆள் இல்லை, கவர்மெண்டு வள்ளத்துக்குக் குடம் குடமா ஊத்துறாக என்று உங்களிடம் சொல்வாளே, அது இதுதான்.

அதையும் சும்மா விடவில்லை. தேங்கிய தண்ணீரில் கொசு வரும் என்று சுகாதார ஆய்வாளர் நோட்டீஸ் கொடுத்தார். உப்புத் தண்ணீர் சார் என்று சொன்னேன். மழைத் தண்ணீரும் கலந்திருக்கிறதே என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஊற்று என்று ஒரு உத்தரவு, தேக்காதே என்று ஒரு உத்தரவு. காலையில் ஊற்றி மாலையில் இறைத்தேன். நான் ஊற்றுவதை யாரோ போட்டோ எடுத்து, குற்றவாளியின் படகுக்கு அரசு ஊழியர் பணிவிடை என்று புகார் அனுப்பினார்கள். ரேஞ்சர் பதில் எழுதினார். நாங்கள் பதில் எழுதிய நேரத்தில் ரோந்து போயிருந்தால் அட்டைக்கு நல்லதாக இருந்திருக்கும்.

வழக்கு ஒருநாள் சாட்சிக்கு வந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்திருந்தது. சூசையின் வக்கீல் ரேஞ்சரைக் கேட்டார். வாளியில் இருந்தது கடல் தண்ணீரா? ஆமாம். அட்டைகள் உயிரோடு இருந்தனவா? ஆமாம். விற்கிறவர்கள் உயிரோடு வைத்திருப்பார்களா? அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் பதில் சொல்லச் சொன்னார். ரேஞ்சரின் கை கண்ணாடிக்குப் போனது. போய், தொடாமல் இறங்கிவிட்டது.

"நான் பார்த்த வரைக்கும் வைக்க மாட்டாங்க. உடனே குடலை எடுத்து அவிச்சிடுவாங்க. இந்த அம்மா திருப்பி விடத்தான் வச்சிருந்தாங்கன்னு அன்னைக்கே எழுதியிருக்கேன். நான் வழக்குப் போட்டது சட்டம் அப்படி இருக்கறதால."

இரண்டு பேரும் விடுதலை ஆனார்கள். ரேஞ்சருக்கு மெமோ வந்தது, அப்புறம் மாற்றல் வந்தது. வண்டி ஏறும்போது என்னிடம் வேறொன்றும் சொல்லவில்லை, தண்ணி ஊத்துறத நிறுத்திடாதீங்க என்றார்.

வழக்கு அத்தோடு முடியவில்லை. இலாகா மேல்முறையீடு போனது. அது முடியும் வரை வள்ளத்தை சூசையிடம் ஒப்படைக்கலாம், ஆனால் விற்கவோ மாற்றவோ எந்தப் பாகத்தையும் நீக்கவோ கூடாது என்று உத்தரவாயிற்று. வள்ளத்தை இழுத்துக் கடலில் இறக்கிய அன்று நானும் கை கொடுத்தேன். மிதந்தது. அடிப்பலகை எல்லாம் நன்றாக இருந்தது. மேல் பலகை ஒன்றில் மட்டும் வெடிப்பு. சாக்கு காற்றில் விலகி விலகிப் போன இடம் அது. அந்த ஒரு பலகையை மாற்றினால் போதும், மாற்றக் கூடாது. புது ரேஞ்சரிடம் கேட்டதற்கு, கோர்ட்டில் மனு போடச் சொன்னார். சூசை கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். இடுக்கில் பஞ்சைத் திணித்துக்கொண்டு கடலுக்குப் போனார். அலை ஏறினால் தண்ணீர் உள்ளே வரும். இறைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்தக் கரையில் பெண்கள் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற வழக்கம் இல்லை. ரோஸ்மேரி ஏறினார். கரையில் பேச்சு வந்தது. கோயில் கமிட்டியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கரையில கழட்டுனாத்தான கேசு? நான் கடல்லயே கழட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

செல்வி, அட்டை வேண்டும். அது இல்லாத கடல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். கார்த்தி, பட்டியலிலிருந்து எடுத்தால் பழையபடி கரையெல்லாம் பாத்திரம் ஏறும், அதுவும் எனக்குத் தெரியும். எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். எந்த மனுவாக இருந்தாலும் அதில் உங்கள் பேரைச் சேர்ப்பதற்கு முன்னால், அந்த வலையை எங்கே வைத்துக் கழற்றுகிறார்கள் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் ரேஞ்சருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. கேட்டதை எழுதவும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் செய்ய அவருக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

ரிட்டயர்டு ஆன பிறகு ஒரு தடவை அவர்களோடு வள்ளத்தில் போனேன். வாந்தி வரவில்லை. ரோஸ்மேரி முன்பக்கத்து அணியத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, ஆடுகிற வள்ளத்தில் நண்டு கழற்றினார். சிலதுக்குக் கால் ஒடியத்தான் செய்தது. நடுநடுவே வெட்டிய எண்ணெய்க் கேனால் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். அவர் வாளி இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. பாசிக்குள்ளிருந்து ஓர் அட்டை வந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து எனக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, மெதுவாகத் தண்ணீரில் விட்டார்.

"பாத்துக்கிட்டீங்களாண்ணே, விட்டாச்சு."

"நான்தான் இப்ப வேலையில இல்லையேம்மா" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு கேனை எடுத்தார். "அதுக்கென்ன, அப்ப எங்களுக்குச் சாட்சிக்கு ஆவீங்கள்ல?"